அதிமதுரமும் அடங்காத ரத்த அழுத்தமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தின் சித்த மருத்துவப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் பகுதியில் நடந்த ஒரு நிகழ்வை முழுசாகப் பதிவு செய்கிறேன். சம்பந்தப்பட்ட அம்மாவிடம் கேட்டு, அவர் சரி என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். பெயர், ஊர், வருடம் எதுவும் போடவில்லை.

மூலிகையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, அதுதான் என் தொழில். நன்றாக வேலை செய்கிற ஒரு சரக்கு, அளவும் காலமும் இல்லாமல் தினசரிப் பழக்கமாக மாறும்போது என்ன ஆகும், அதை யாரும் கேட்காமல் விட்டால் மாத்திரைக்கு மேல் மாத்திரை எப்படிச் சேரும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

## பின்னணி

58 வயது அம்மா. கணவர் இல்லை, மகன் லாரி ஓட்டுகிறார். விடியற்காலையில் மொத்தக் கடைக்குப் போய்க் கீரைக்கட்டு எடுத்து, தலையில் கூடை வைத்துத் தெருத்தெருவாகக் கூவி விற்பது இருபது வருடத்துக்கும் மேலான தொழில். அரைக்கீரை, முருங்கை, தூதுவளை, முடக்கத்தான், கீழாநெல்லி எல்லாம் அவர் கூடையில் இருக்கும். எதை எதற்குக் கொடுப்பது என்று வாடிக்கையாளருக்குச் சொல்லித் தரும் ஆள். அதாவது, மூலிகை பற்றி ஒன்றும் தெரியாதவர் கிடையாது.

ரத்த அழுத்தம் ஆறு வருடமாக உண்டு. அம்லோடிபின் 5 மி.கி. ஒரு வேளை. 2021-இல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்த பிறகு, பெண் சுகாதாரத் தன்னார்வலர் ஒருவர் மாதாமாதம் வீட்டுக்கே வந்து பி.பி. பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார். அட்டையில் இருந்த பழைய அளவுகள் 132/82, 128/80, 136/84 என்று ஒழுங்காகவே இருந்தன. சர்க்கரை நோய் இல்லை, சிறுநீரகப் பரிசோதனையும் சரி.

கொரோனா காலத்தில் எல்லோரையும் போல இவரும் கபசுரக் குடிநீர் குடித்தவர். அதில் 15 சரக்குகள், அதிமதுரம் அதில் கிடையாது. ஆனால் "தொண்டைக்கு ஏதாவது வீட்டில் இருக்கணும்" என்ற பழக்கம் அந்தச் சமயத்தில்தான் ஆரம்பித்தது என்று அவரே பின்னால் சொன்னார்.

## எப்படி ஆரம்பித்தது

ஒரு மார்கழிக் குளிரில் சளி பிடித்து, சளி போன பிறகும் குரல் கம்மியே இருந்தது. கூவினால்தான் வியாபாரம். நாட்டு மருந்துக் கடையில் கேட்டிருக்கிறார், அதிமதுரப் பொடி கொடுத்திருக்கிறார்கள். தேனில் குழைத்துச் சாப்பிட்டதும் தொண்டை இதமாக இருந்திருக்கிறது. இருக்கத்தான் செய்யும், தொண்டையில் எரிச்சலை ஆற்றுவதில் அதிமதுரத்துக்கு நல்ல பெயர் உண்டு, சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் சீன மருத்துவத்திலும் ஐரோப்பாவிலும் பல நூற்றாண்டுகளாகப் பயன்படுகிற வேர் அது.

அதோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. பொடி இனிப்பாக இருந்ததால் டீயிலும் போட ஆரம்பித்தார். அந்த வேரில் இருக்கும் கிளிசரைசின் என்ற பொருள் சர்க்கரையைப் போல ஏறக்குறைய 50 மடங்கு இனிப்பு. தெருவில் போகும்போது வாயில் அடக்கிக்கொள்ள வேர்த்துண்டும் மடியில் இருக்கும். தொண்டை சரியான மாதிரி இருக்கும், கூவினால் திரும்ப கம்மும், இன்னும் கொஞ்சம் சேர்ப்பார். இப்படியே மாசங்கள் ஓடின.

## கவனித்தவை, மாத வரிசையில்

மாசியில் பி.பி. 158/94. மாத்திரை விட்டுவிட்டீர்களா, உப்பு, ஊறுகாய், கருவாடு அதிகமா என்று கேட்டிருக்கிறார்கள், இல்லை என்றார். அம்லோடிபின் 10 மி.கி. ஆக்கப்பட்டது.

பங்குனியில் 164/98. இரண்டு கணுக்காலிலும் வீக்கம். அம்லோடிபின் அளவைக் கூட்டினால் கால் வீங்குவது எல்லோரும் அறிந்த பக்க விளைவு, அதனால் வீக்கம் அந்தக் கணக்கில் போய்விட்டது. இது இயல்பான முடிவுதான், யார் பார்த்திருந்தாலும் முதலில் அதைத்தான் நினைப்பார்கள். டெல்மிசார்டன் 40 மி.கி. சேர்க்கப்பட்டது.

சித்திரையில் 166/96. அதாவது இரண்டாவது மாத்திரை சேர்த்தும் அசைவே இல்லை.

வைகாசியில் ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 மி.கி. சேர்ந்தது. நீர் பிரியும், வீக்கமும் வடியும், அழுத்தமும் குறையும் என்ற எண்ணம். படிப்படியாக மருந்து கூட்டும் முறைப்படி பார்த்தால் ஒவ்வொரு படியும் சரியாகத்தான் இருக்கிறது. நோயாளி வாயில் போடும் மற்றவை அந்தப் படிகளில் எங்கேயும் இல்லை, அவ்வளவுதான்.

ஆனியில் அந்த அம்மா கூடையைத் தூக்க முடியாமல் இரண்டு நாள் வியாபாரத்துக்கே போகவில்லை. ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது, படி ஏறினால் தொடை கனக்கிறது, மலம் சரியாகப் போகவில்லை. வெயிலும் வயசும் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். மலச்சிக்கலுக்கு, முன்பு எப்போதாவது வெள்ளிக்கிழமை ராத்திரி எடுக்கும் நிலவாகைப் பொடியை வாரத்துக்கு மூன்று நான்கு தடவை எடுக்க ஆரம்பித்திருந்தார்.

## டீக் குவளையில் கிடைத்த துப்பு

மாத்திரை கொடுக்கப் போன தன்னார்வலருக்கு அந்த அம்மா டீ போட்டுக் கொடுத்திருக்கிறார். ஒரு வாய் குடித்ததுமே வேறு மாதிரியான இனிப்பு.

"டீல என்னக்கா போட்டிருக்கீங்க?"

"அதிமதுரம், தங்கச்சி. தொண்டைக்கும் ஆச்சு, சர்க்கரையும் மிச்சம்."

அந்தப் பெண்ணுக்கு அதிமதுரம் பி.பி.-யை ஏற்றும் என்று தெரியாது. ஆனால் மாசி மாசத்திலிருந்து ஏறிக்கொண்டே போகும் எண்களை எழுதியவர் அவர். மார்கழியில் ஆரம்பித்ததாகச் சொன்னதும் மனதில் பட்டிருக்கிறது. போனில் என்னைக் கேட்டார். நான் கேட்ட முதல் கேள்வி, கால் பலவீனம் இருக்கிறதா என்று. இருக்கிறது என்றார். கையோடு கூட்டி வரச் சொன்னேன்.

எனக்கு அந்தத் தன்னார்வலர் மேல் பெரிய மதிப்பு வந்தது இந்த இடத்தில்தான். டீயை ருசி பார்த்து, தேதியை நினைவில் வைத்து, தனக்குப் புரியாததை இன்னொருவரிடம் கேட்டார். இந்த நிகழ்வில் மிக முக்கியமான மருத்துவப் பணி அதுதான்.

## சுகாதார நிலையத்தில்

வழக்கமான கேள்வியையே முதலில் கேட்டேன்: வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா அம்மா?

"இல்ல டாக்டரம்மா, இங்க கொடுக்கிறது மட்டும்தான்."

பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் டீயில் போடுவது மருந்து கிடையாது. அதனால் கேள்வியை மாற்றி, காலையில் எழுந்ததிலிருந்து ராத்திரி படுக்கும் வரை வாயில் என்னென்ன போகிறது என்று வரிசையாகச் சொல்லச் சொன்னேன். அப்போதுதான் எல்லாம் வந்தது: காலையில் தேனில் பொடி, இரண்டு வேளை டீ, நடுவில் வேர், ராத்திரி படுக்கும் முன் இன்னொரு தடவை பொடி, அப்புறம் நிலவாகை.

எத்தனை ஸ்பூன் என்று கேட்டால் பதில் வழுக்கும். "ஒரு ஸ்பூன்" என்பார்கள், அது தட்டையா குவியலா என்று தெரியாது. பாக்கெட் எத்தனை நாளைக்கு வருகிறது என்று கேட்டேன். 100 கிராம் பாக்கெட், ஒரு வாரம், மிஞ்சினால் எட்டு நாள். அப்படியானால் நாளைக்கு 12 கிராமுக்குக் குறையாது, வாயில் அடக்கிக்கொள்ளும் வேர் தனி. இந்திய ஆயுர்வேத மருந்தியல் தொகுப்பு பொடியாகச் சொல்லும் அளவு நாளைக்கு 2 முதல் 4 கிராம். அதுவும் ஒரு நோய்க்கு, ஒரு காலத்துக்கு.

வேறு ஒரு கணக்கும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவு அறிவியல் குழு 2003-இல், கிளிசரைசின் நாளைக்கு 100 மில்லிகிராமைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று சொன்னது. வேரில் அந்தப் பொருள் எவ்வளவு இருக்கும் என்பது விளைந்த இடம், பருவத்தைப் பொறுத்து நிறையவே மாறும். குறைவாக, நூற்றுக்கு நாலு பங்கு என்றே வைத்துக்கொண்டாலும் 12 கிராம் பொடியில் 480 மில்லிகிராம். கிட்டத்தட்ட ஐந்து மடங்கு.

பி.பி. அப்போது 160/96. கணுக்காலை அழுத்தினால் குழி விழுந்தது. நாற்காலியில் இருந்து கையை ஊன்றாமல் எழ முடியவில்லை. இ.சி.ஜி. எடுத்தோம். பொட்டாசியம் குறைந்தால் வரும் மாற்றங்கள் அதில் தெரிந்தன: டி அலை தட்டையாகி, அதன் பின்னால் யு அலை தலை காட்டியது. எங்கள் நிலையத்தில் அன்று பொட்டாசியம் பார்க்க வழியில்லை.

## எடுத்த முடிவுகள், ஏன்

முதல் முடிவு, அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது. வேரை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போங்கள், அடுத்த வாரம் பார்ப்போம் என்று சொல்ல எனக்கும் மருத்துவ அலுவலருக்கும் மனம் வரவில்லை. தசை பலவீனம், இ.சி.ஜி. மாற்றம் இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பு எந்த நேரமும் தடுமாறலாம். அதோடு, அதிமதுரத்தை இன்று நிறுத்தினால் நாளைக்கே அதன் வேலை நின்றுவிடாது, வாரக்கணக்கில் இழுக்கும். 108 வண்டியில் அனுப்பினோம். கூடவே ஒரு தாளில், சாப்பிட்ட சரக்குகள், அளவு, எந்த மாதத்திலிருந்து, பி.பி. அட்டையின் எண்கள் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். பொடிப் பாக்கெட்டையும் எடுத்துப் போகச் சொன்னேன். அதிமதுரம் என்று விற்கிற இடத்தில் குன்றிமணி வேரும் கலப்பது உண்டு என்பதால், எந்தச் சரக்கு என்று பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று. (பின்னால் வேர்த்துண்டைப் பார்த்தேன், அசல் அதிமதுரம்தான். கலப்படத்தின் மேல் பழி போட வழியில்லை.)

இரண்டாவது, வைகாசியில் சேர்த்த நீர் மாத்திரையை, அதாவது தயசைடை, உடனே நிறுத்துவது. மருத்துவ அலுவலர் முடிவு. அதிமதுரமும் பொட்டாசியத்தை வெளியேற்றும், தயசைடும் வெளியேற்றும், நிலவாகையால் பேதி ஆனால் அந்த வழியிலும் போகும். மூன்றும் ஒரே திசையில் இழுத்தன. பொட்டாசியம் குறைந்தால் குடல் தசையும் மந்தமாகி மலச்சிக்கல் வரும், அதற்கு இன்னும் நிலவாகை, அதனால் இன்னும் இழப்பு. அந்தச் சுழலில்தான் அவர் இருந்தார்.

மூன்றாவது, அதிமதுரத்தைக் குறைப்பதா, அடியோடு நிறுத்துவதா. அடியோடு. குறைத்துச் சாப்பிடுங்கள் என்றால் ஸ்பூன் கணக்கு திரும்பவும் வழுக்கும்.

நான்காவது, மற்ற மூலிகைகளை என்ன செய்வது. எல்லாவற்றையும் நிறுத்துங்கள் என்று சொல்வது சுலபம், ஆஸ்பத்திரியில் ஒருவர் அப்படித்தான் சொல்லியும் இருக்கிறார். நான் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. முடக்கத்தான் அடை, தூதுவளைத் துவையல், முருங்கைக்கீரை இவையெல்லாம் அவர் சாப்பாடு, அவர் தொழில், அவர் தெரு முழுக்க அவரை மதிக்கிற காரணம். அதையும் சேர்த்துத் தள்ளினால் அடுத்த தடவை எதையும் நம்மிடம் சொல்ல மாட்டார், ரகசியமாகச் சாப்பிடுவார். அதனால் ஒவ்வொன்றாகப் பேசி, இரண்டை மட்டும் நிறுத்தினோம்: அதிமதுரம், நிலவாகை.

## வேர் எப்படி அழுத்தத்தை ஏற்றுகிறது

உடம்பில் உப்பைத் தங்கவைத்துப் பொட்டாசியத்தை வெளியே தள்ளுவது ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனின் வேலை. அது சிறுநீரகத்தில் போய் உட்காரும் அதே இடத்தில் கார்ட்டிசால் என்ற இன்னொரு ஹார்மோனும் உட்கார முடியும், ரத்தத்தில் அதுதான் பல மடங்கு அதிகம். அங்கே ஒரு நொதி, வாசல் காவலாளி மாதிரி, வருகிற கார்ட்டிசாலைச் செயலற்ற கார்ட்டிசோனாக மாற்றி அனுப்பிவிடும். அதிமதுரம் குடலில் செரிக்கும்போது கிளிசரெட்டினிக் அமிலம் உண்டாகிறது, அது இந்த நொதியைக் கட்டிப்போடுகிறது. பிறகு கார்ட்டிசால் தடையில்லாமல் உள்ளே புகுந்து ஆல்டோஸ்டிரோன் வேலையைச் செய்யும். உப்பும் நீரும் தங்கும், கால் வீங்கும், அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும்.

டெல்மிசார்டன் ஏன் பலிக்கவில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. அந்த மாத்திரை, ரெனின் என்ற பொருளில் தொடங்கும் சங்கிலியைத் தடுக்கிற வகை. உடம்பில் உப்பும் நீரும் நிறைந்தால் ரெனின் தானாக அடங்கிவிடும். அடங்கிப்போன சங்கிலியைத் தடுத்து என்ன பலன்?

இதெல்லாம் புதிய விஷயமும் இல்லை. 1940-களில் நெதர்லாந்தில் ரெவர்ஸ் என்ற மருத்துவர் வயிற்றுப் புண்ணுக்கு அதிமதுரச் சாறு கொடுத்துப் பார்த்தார். புண் ஆறியது, ஆனால் சிலருக்கு முகமும் காலும் வீங்கின, அதையும் அவரே பதிவு செய்தார். அந்த நொதி தடைபடுவதுதான் காரணம் என்று 1987-இல் எடின்பரோவில் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். நம் மரபிலும் எந்தச் சரக்கும் அளவு, அனுபானம் (மருந்தைக் குழைத்துக் கொடுக்கும் தேன், பால் போன்றவை), பத்தியம், காலம் என்ற நான்கும் இல்லாமல் கொடுக்கப்பட்டதில்லை. ஒரு மண்டலம் என்று சொல்வதன் பயனே அங்கே ஒரு முற்றுப்புள்ளி இருக்கிறது என்பதுதான். பாக்கெட்டில் அடைத்து விற்கும்போது சரக்கு மட்டும் கைக்கு வருகிறது, மற்ற நான்கும் கடையிலேயே நின்றுவிடுகின்றன. எனக்கு ஆதங்கம் அதில்தான்.

## ஆஸ்பத்திரியில்

பொட்டாசியம் 2.6. சாதாரண அளவு 3.5 முதல் 5 வரை. பைகார்பனேட் கூடியிருந்தது, சிறுநீரகம் சரி, மக்னீசியம் சரி, தசை நொதி சற்று உயர்ந்திருந்தது. இதயத் துடிப்பைக் கண்காணித்துக்கொண்டே நரம்பு வழியாகவும் சிரப்பாகவும் பொட்டாசியம் கொடுத்தார்கள். மறுநாள் 3.1. ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது 3.7.

அங்கே இருந்த பொது மருத்துவர் ஒரு நியாயமான சந்தேகத்தைக் கிளப்பினார். ஆல்டோஸ்டிரோனைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பியில் சிறு கட்டி இருந்தாலும் இதே படம்தான் வரும், பி.பி. ஏறும், பொட்டாசியம் இறங்கும். ஆல்டோஸ்டிரோன், ரெனின் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: கட்டி என்றால் ஆல்டோஸ்டிரோன் கூடியிருக்கும், அதிமதுரம் என்றால் இரண்டுமே அடங்கியிருக்கும். ஆனால் அந்தப் பரிசோதனை வெளியில்தான் எடுக்க வேண்டும், செலவு, அதோடு அவர் சாப்பிடும் மாத்திரைகள் முடிவைக் குழப்பும். அதனால் வேரை நிறுத்தி ஆறு வாரம் பார்ப்போம், அப்போதும் சரியாகவில்லை என்றால் எடுப்போம் என்று முடிவு செய்தார். எனக்கு அது சரியாகவே பட்டது. நிறுத்திப் பார்ப்பதும் ஒரு பரிசோதனைதான், காசும் கிடையாது.

## அதன் பிறகு

இரண்டாம் வாரத்தில் கால் வீக்கம் வடிந்தது. எடை மூன்று கிலோ குறைந்தது, அத்தனையும் தங்கியிருந்த நீர். கூடையைத் தூக்க ஆரம்பித்தார், ஆனால் பாதி கனம்தான். நான்காம் வாரத்தில் பி.பி. 138/84, பொட்டாசியம் 4.1.

ஐந்தாம் வாரத்தில் 152/92. பொட்டாசியம் 3.4. தன்னார்வலர் பதறிப்போய்க் கூப்பிட்டார். அட்ரினல் பரிசோதனைக்கு எழுதலாமா என்று பேச்சு வந்தது. அதற்கு முன், காலை முதல் ராத்திரி வரை என்ற அதே கேள்வியைத் திரும்பக் கேட்டோம். பக்கத்து ஊரிலிருந்து வந்த தங்கை, தொண்டைக்கு நல்லது என்று ஒரு லேகியம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், தினம் மூன்று வேளை நெல்லிக்காய் அளவு சாப்பிடுகிறார். புட்டியைக் கொண்டுவரச் சொல்லிப் படித்தால், சேர்மானத்தில் மூன்றாவது பெயர் அதிமதுரம். அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, படித்திருந்தாலும் லேகியத்துக்குள் அது இருக்கும் என்று யார் யோசிப்பார்கள்? இருமல், சளிக்கான பல கூட்டு மருந்துகளில் அது உண்டு. ஆடாதோடைக் குடிநீரிலேயே அதிமதுரம் ஒரு சரக்கு.

லேகியத்தை நிறுத்தியதும் திரும்ப இறங்கியது. வருத்தமான வழியில்தான் என்றாலும், காரணம் எது என்பதில் இருந்த மிச்சச் சந்தேகமும் இதோடு தீர்ந்தது. முதல் தடவை, தயசைடும் நிலவாகையும் கூட இருந்ததால் எல்லாப் பழியையும் வேர் மேல் போட முடியாது. ஆனால் பி.பி. ஏறியது தயசைடு சேர்ப்பதற்கு மூன்று மாதம் முன்பே. இரண்டாவது தடவை தயசைடும் இல்லை, நிலவாகையும் இல்லை.

டெல்மிசார்டனைப் பிறகு எடுத்துவிட்டார்கள். அம்லோடிபினும் படிப்படியாகப் பழைய 5 மி.கி.-க்கு வந்தது. மூன்றாம் மாத முடிவில் அந்த ஒரு மாத்திரையில் 132/80. அதாவது, மார்கழிக்கு முன் எங்கே இருந்தாரோ அங்கேயே வந்து நின்றார். அட்ரினல் பரிசோதனை தேவைப்படவில்லை.

## தொண்டை என்ன ஆனது

இத்தனைக்கும் ஆரம்பம் தொண்டைதான், அதை விட்டுவிட்டால் அவர் வேறு ஒரு சரக்கைத் தேடிப் போவார். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மினால் உள்ளே பார்க்க வேண்டும், அதனால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பினோம். குரல் நாணில் இரண்டு பக்கமும் சிறு கணுக்கள். வருடக்கணக்காகக் கூவிக் கூவி வந்தவை. பயப்பட ஒன்றுமில்லை, குரலுக்கு ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் அடங்கும் என்றார்.

கீரை விற்கிறவருக்குக் குரல் ஓய்வு என்று எழுதிக் கொடுத்தால் என்ன அர்த்தம்? மகனைக் கூப்பிட்டுப் பேசினோம். பழைய இரும்பு, வெங்காய வண்டிகளில் இருக்கும் அந்தச் சின்ன ஸ்பீக்கர் பெட்டி ஒன்றை வாங்கி, அம்மாவின் குரலையே பதிவு செய்து கூடையோடு கட்டிக் கொடுத்தார். நான் கொடுத்தது ஆடாதோடை மணப்பாகு, அதுவும் தேதி போட்டு, இத்தனை நாள் மட்டும் என்று. வெதுவெதுப்பான உப்பு நீரில் தொண்டை கொப்பளித்துத் துப்புவது, நடக்கும்போது அடிக்கடி ஒரு வாய் தண்ணீர். மலச்சிக்கலுக்கு நிலவாகை இல்லாமல் கீரையும் பழமும், ராத்திரியில் ஊறவைத்த உலர் திராட்சையும் போதுமானதாக இருந்தது. பொட்டாசியம் ஏறியதும் பாதி மலச்சிக்கல் தானாகவே போய்விட்டது. குரல் முழுசாகத் திரும்பவில்லை, ஆனால் முன்பைவிடத் தெளிவு. டீக்கு இப்போது கொஞ்சம் வெல்லம்.

## மாற வேண்டியவை

எங்கள் கட்டடத்தில் சித்தப் பிரிவும் பொது மருத்துவப் பிரிவும் பக்கத்துப் பக்கத்து அறைகள். ஆனால் சீட்டு தனி, பதிவேடு தனி. ஒருவர் எழுதியது இன்னொருவர் கண்ணில் படாது. இப்போது ரத்த அழுத்தம், சர்க்கரை நோயாளிகளுக்கு மட்டுமாவது ஒரே நோட்டில் இருவரும் எழுதுகிறோம். இது எங்கள் இருவருக்குள் பேசிக்கொண்ட ஏற்பாடு, ஆட்கள் மாறினால் நின்றுபோகலாம் என்ற கவலை எனக்கு உண்டு.

நாட்டு மருந்துக் கடைக்காரரிடம் போய்ப் பேசினேன். அதிமதுரப் பாக்கெட்டோடு ஒரு துண்டுச் சீட்டு வைக்க முடியுமா, பி.பி., இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கேட்டுச் சாப்பிடவும் என்று நான் அச்சடித்துத் தருகிறேன் என்றேன். "நாப்பது வருஷமா விக்கிறேன் டாக்டரம்மா, ஒருத்தரும் வந்து சொன்னதில்ல" என்றார். அவர் சொன்னதும் உண்மைதான், பி.பி. ஏறினால் யார் மருந்துக் கடைக்குப் போய்ச் சொல்லப் போகிறார்கள், டாக்டரிடம்தான் போவார்கள். சீட்டு வைக்க அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. வாங்குகிறவர் வயசானவராக இருந்தால் பிரஷர் இருக்கா என்று வாயால் கேட்கிறேன் என்றார். அதைச் செய்கிறார் என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள்.

ஆயுஷ் மருந்துகளால் வரும் பக்க விளைவுகளைப் பதிவு செய்ய 2018 முதல் தேசிய அளவில் ஒரு திட்டமே இருக்கிறது, டெல்லியில் உள்ள அகில இந்திய ஆயுர்வேத நிறுவனம் அதை ஒருங்கிணைக்கிறது. இந்த நிகழ்வை அதற்கான படிவத்தில் எழுதி அனுப்பினேன். சித்த மருத்துவர்கள் தயங்காமல் இதை அனுப்ப வேண்டும். நம் மருந்துக்கு நாமே கெட்ட பெயர் வாங்கித் தருவதாக நினைக்கத் தேவையில்லை. எழுதாமல் மறைக்கிற இடத்தில்தான் சந்தேகம் வளரும்.

தன்னார்வலர்களுக்கான மாதக் கூட்டத்தில் ஒரு தாள் கொடுத்திருக்கிறோம். வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா என்ற கேள்வியை அதில் எடுத்துவிட்டோம். அதற்குப் பதில், டீ, காபி, கஞ்சியில் என்ன போடுகிறீர்கள், தொண்டைக்கு, வயிற்றுக்கு, மூட்டு வலிக்கு வீட்டில் என்ன வைத்திருக்கிறீர்கள், பாக்கெட் எத்தனை நாள் வருகிறது, எப்போதிலிருந்து என்று நான்கு கேள்விகள். கீழே பெயர் சொல்லிக் கேட்க வேண்டிய சரக்குகள்: பி.பி. உள்ளவர்களிடம் அதிமதுரம், நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் நிலவாகை, சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் சிறுகுறிஞ்சான், பாகற்காய்ச் சாறு, வெந்தயம். போன மாதம் அந்தத் தாளோடு போன ஒருவர், சர்க்கரை மாத்திரையோடு சிறுகுறிஞ்சான் பொடியும் சாப்பிட்டு அடிக்கடி வியர்த்து மயங்கி வந்த பெரியவர் ஒருவரைக் கூட்டி வந்தார். அவருக்குக் காலைச் சர்க்கரை அளவு 62. மாத்திரையின் அளவைக் குறைத்திருக்கிறோம், பொடியை நிறுத்தியிருக்கிறோம், வாரம் இரண்டு தடவை சர்க்கரை பார்க்கிறோம்.